கொமட்டின் பின்னால் ஒரு கசிவு: சீமெந்தை எடுத்து இறப்பரை வைத்த கதை

கொமட்டுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள அந்த ஒரு சாண் இடத்துக்குள் தும்புத்தடிகூடப் போவதில்லை. கொமட்டின் பின்வாய் பி.வி.சி. குழாய்க்குள் நுழையும் இணைப்பு இருப்பது அங்கேதான். வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வீடு எண்பதுகளில் கட்டப்பட்டது. மேல்தளத்தில் நாங்கள், கீழ்த்தளத்தில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. எங்களுக்கு முன்பு இங்கே இருந்தவர்கள் குளியலறைகள் இரண்டையும் புதுப்பித்திருந்தார்கள்: புதிய டைல், புதிய கொமட், பின்னால் வெள்ளைச் சீமெந்தால் வழவழவென்று மெழுகிய இணைப்பு. பார்ப்பதற்கு மிகவும் உறுதியாகத் தெரிந்தது. அந்த உறுதிதான் கோளாறு என்பதை உடைத்துப் பார்த்த பிறகு தயக்கமில்லாமல் சொல்ல முடிகிறது.

முதலில் வந்தது நாற்றம். அதுவும் நடுப்பகலில், சன்னல் பூட்டிக் கிடக்கும் நேரத்தில். சாம்பிராணி போட்டோம், தரையைக் கழுவினோம், தரைவடிகாலில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். பிறகு கீழ் வீட்டு அக்கா கூப்பிட்டுக் காட்டினார். அவர்களுடைய குளியலறைக் கூரையில், மின்குமிழுக்குப் பக்கத்தில், வர்ணம் குமிழி விட்டு ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது.

“மேலே ஏதோ உடைந்திருக்கிறது போல, தம்பி. வாளி வைத்துப் பார்த்தேன், ஒன்றும் விழவில்லை. ஆனால் வட்டம் பெருத்துக்கொண்டு வருகிறது” என்றார்.

“அந்த விளக்கை மட்டும் இனிப் போடாதீர்கள், அக்கா” என்று சொல்லி, அந்தச் சுற்றுக்கு உரிய ஆளியை மின்பெட்டியில் இறக்கிவிட்டேன். கூரையில் ஊறும் தண்ணீர் மின்கம்பி போகும் துளை வழியாக இறங்கப் பார்க்கும். கசிவைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அதுதான். கறையைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடும் இழுத்துவைத்தேன். கோட்டைத் தாண்டுகிறதா இல்லையா என்பதைப் பிறகு யாருடைய நினைவிலும் தேட வேண்டியதில்லை.

கறை இருந்த இடம் கொமட்டுக்கு நேர் கீழே இல்லை, கதவுப் பக்கமாகத் தள்ளி இருந்தது. இதை வைத்து, “உங்கள் குளியல் தண்ணீர்தான் இறங்குகிறது” என்று ஒருவரும், “மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கிதான் காரணம்” என்று இன்னொருவரும் தீர்ப்புச் சொன்னார்கள். டைலுக்குக் கீழே சீமெந்துச் சாந்துப் படுக்கை இருக்கிறது. அதற்குக் கீழே கொங்கிறீற்றுத் தட்டு. கசியும் தண்ணீர் சாந்துக்குள் ஊறி, தட்டின் மேல் பரவி, எங்கே சரிவோ எங்கே வெடிப்போ அங்கே போய்த்தான் வெளியே வரும். கறை காட்டுவது வெளியேறும் வாசலை. உள்ளே நுழையும் வாசலை வேறு வழியில்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கொமட்டைச் சுற்றித் தண்ணீர் வரக்கூடிய இடங்கள் அதிகமில்லை. சுவரிலிருந்து பிளஷ் தாங்கிக்கு வரும் மெல்லிய குழாய் ஒன்று. தாங்கியும் கொமட்டும் சந்திக்கும் இடத்திலுள்ள தடித்த இறப்பர் வளையமும் அதன் இரண்டு திருகாணிகளும். கொமட்டின் உடம்பில் மயிரிழை வெடிப்பு. கடைசியாகப் பின்னாலுள்ள கழிவு இணைப்பு. முதலாவதில் எப்போதும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்பதால் அது இரவு பகலாகச் சொட்டும், யாரும் கழிப்பறைக்குப் போகாத நேரத்திலும். கழிவு இணைப்பின் இயல்பு வேறு. பிளஷ் செய்தால் 6 லீற்றரோ, பழைய தாங்கியென்றால் 9 லீற்றரோ சில நொடிகளில் அதன் வழியே பாய்ந்துவிடும்; அதன் பிறகு அது வெறுமையாகத்தான் கிடக்கும். ஆகவே அது சில நொடிகள் மட்டும் ஒழுகி, மற்ற நேரம் நல்ல பிள்ளையாக இருக்கும். எந்நேரமும் நனைந்திருக்கிறது என்றால், குழாய் முன்னால் எங்கோ அடைத்துக்கொண்டு தண்ணீர் பின்வாங்கி நிற்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அதற்காக வளவில் உள்ள மேன்ஹோல் மூடியைத் திறந்து, மேலே பிளஷ் செய்யச் சொல்லிப் பார்த்தேன். தண்ணீர் தடையில்லாமல் ஓடியது. எங்கள் பகுதிக் கழிவுநீர் மாநகர சபையின் குழாய் வலையில் சேர்கிறது; கொழும்பின் வடக்கிலும் இங்கே வெள்ளவத்தையிலும் கடலுக்குள் நீளும் குழாய்களில்தான் அந்த வலை முடிகிறது. மலக்குழி உள்ள வீடாக இருந்தால் குழி நிரம்பியிருக்கிறதா என்பதையும் இந்தக் கட்டத்தில் பார்த்துவிட வேண்டும்.

பலகாரத்துக்குப் போடும் சிவப்பு நிறத்தூள் அடுக்களையில் இருந்தது. அதில் கொஞ்சத்தைப் பிளஷ் தாங்கிக்குள் கரைத்து, அரை மணி நேரம் யாரையும் உள்ளே விடாமல் வைத்தேன். காய்ந்த டிஷ்யூத் தாளை எல்லா இணைப்புகளின் கீழும் ஒற்றிப் பார்த்தேன். எல்லாம் வெள்ளையாகவே வந்தன. அதாவது தாங்கியின் பக்கம் குற்றமில்லை. பிறகு பிளஷ் செய்து, கழிவு இணைப்பின் அடிவயிற்றில் தாளை வைத்து அழுத்தி எடுத்தேன். இளஞ்சிவப்பு. இதற்கு மேல் வாதாட எதுவும் இல்லை.

கைத்தொலைபேசியை அந்தச் சந்துக்குள் நீட்டி, விளக்கைப் போட்டுப் படம் எடுத்துப் பார்த்தபோது வெள்ளைச் சீமெந்து வளையத்தில் அரை வட்டத்துக்கு ஒரு வெடிப்பு தெரிந்தது. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு. கொமட்டின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி அசைத்தால், அது ஆடியது. மிகக் கொஞ்சம்தான், ஒரு நூல் அளவு இருக்கும். தரையோடு பிடித்திருந்த இரும்புத் திருகாணிகள் கடற்காற்றில் துருத்தின்று, தலை மட்டும் மிஞ்சியிருந்தன. காலி வீதிக்குக் கடல் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சன்னல் கொளுக்கியிலிருந்து மின்விசிறித் தண்டு வரை அந்தக் காற்று விட்டுவைப்பதில்லை. ஆக, ஆடக் கூடாத கொமட் ஆடிக்கொண்டிருந்தது. சற்று அசைந்துகொடுக்க வேண்டிய இணைப்போ கல்லாக இறுகியிருந்தது. ஒவ்வொரு முறை யாராவது உட்காரும்போதும் எழும்பும்போதும் அந்த அசைவு முழுவதையும் சீமெந்து வளையம் தாங்கியிருக்கிறது. உடையாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

பக்கத்து ஒழுங்கையில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு மேசன் பாஸைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து பார்த்தார். “வெடிப்பைக் கொஞ்சம் கொத்திவிட்டு நல்ல சாந்து வைத்து இறுக்கினால் போதும். மேலே சிலிக்கனும் பூசிவிடலாம்” என்றார். இதுதான் இந்த ஊரில் எல்லாரும் செய்வது. அவரைக் குறை சொல்லவில்லை. அவர் டைல் வைக்கும் கை அபாரம். ஆனால் இந்த ஆலோசனையை நான் ஏற்காததற்குக் காரணங்கள் உண்டு.

சீமெந்துக்கும் பி.வி.சி.க்கும் ஒட்டுறவு கிடையாது. பி.வி.சி.யின் மேற்பரப்பு வழவழப்பானது, தண்ணீரை உறிஞ்சாது. சீமெந்து அதைச் சுற்றி இறுகும், ஆனால் பற்றாது. இறுகும்போது சுருங்கவும் செய்யும். போதாக்குறைக்குப் பி.வி.சி. வெயிலில் நீளும் பொருள்: ஒரு மீற்றர் குழாய் 20 பாகை சூடேறினால் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் நீளும். சீமெந்துச் சாந்து நீளுவது அதில் ஏழில் ஒரு பங்கு அளவுதான். எங்கள் கழிவுக் குழாய் வெளிச்சுவரோடு மேற்கைப் பார்த்து நிற்கிறது. பின்னேர வெயில் முழுவதும் அதன் மேல்தான். தினமும் இழுத்து விட்டு இழுத்து விட்டு வாழும் குழாயைச் சீமெந்தால் கட்டிப்போட்டால் ஒன்று சீமெந்து விடும், அல்லது கொமட்டின் பின்வாய் உடையும். சீமெந்து விட்டது நல்ல காலம்.

சிலிக்கனைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலர்ந்த, சுத்தமான பரப்பில் அது நன்றாகப் பிடிக்கும். கழிவுநீர் ஊறிய, சவர்க்கார நுரை படிந்த வெடிப்பின் மேல் பூசினால் தோல்போல் மேலே கிடக்கும், நகத்தால் உரித்துவிடலாம். பிசைந்து வைக்கும் இரட்டைப் பசையும் காய்ந்த பிறகு கல்தான். சீமெந்துக்கு என்ன நடந்ததோ அதற்கும் அதுதான் நடக்கும். பி.வி.சி. பசையைக் கொமட்டில் தடவுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பசை பி.வி.சி.யின் மேற்பரப்பைக் கரைத்து இரண்டு துண்டுகளையும் ஒன்றாக்குகிறது. பீங்கானை அது எப்படிக் கரைக்கும்?

இந்த இணைப்புக்கென்றே இறப்பர் இதழ்கள் வைத்த ஒரு துண்டு இருக்கிறது. கடைகளில் ‘பான் கொனெக்டர்’ என்று கேட்டால் தருவார்கள். ஒரு முனை கொமட்டின் பின்வாயின் மேல் இறப்பர் வாயாக ஏறிக்கொள்ளும். மறுமுனையில், விரித்த குடைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியதுபோல் இதழ்கள் இருக்கும், அவை குழாய்க்குள் அழுத்திக்கொண்டு நுழையும். பசை வேண்டாம், சாந்து வேண்டாம். இதழ்கள் நெருக்கிப் பிடிப்பதால் தண்ணீர் வராது. இறப்பர் என்பதால் சிறு அசைவைத் தாங்கும்.

வாங்கப் போவதற்கு முன் அளவு எடுக்க வேண்டும். கொமட்டின் பின்வாயைச் சுற்றி நூலைக் கட்டி அளந்தேன்: 32 சென்ரிமீற்றர். அதை 3.14 ஆல் வகுத்தால் விட்டம் ஏறத்தாழ 102 மில்லிமீற்றர். குழாய் நாலு அங்குலம் என்று சொல்லப்படும் 110 மில்லிமீற்றர்க் குழாய். பிறகு, தரையிலிருந்து கொமட் வாயின் நடுவுக்கு எவ்வளவு உயரம், குழாயின் நடுவுக்கு எவ்வளவு உயரம் என்று இரண்டையும் அளந்தேன். இங்கேதான் பழைய வேலையின் கதை வெளியே வந்தது. குழாயின் நடு, கொமட் வாயின் நடுவைவிட இரண்டு சென்ரிமீற்றர் தாழ்ந்திருந்தது. கழிவு கீழ்நோக்கிப் போவதால் அதில் பிழையில்லை. ஆனால் ஒன்றுக்குள் ஒன்று நேராக நுழையாது. அதைச் சமாளிக்கக் குழாயின் நுனியை நெருப்பில் வாட்டி விரித்திருக்கிறார்கள். விரித்த வாய்க்குள் கொமட்டின் வாயை வைத்து, மிஞ்சிய இடைவெளியில் தும்பும் சீமெந்தும் திணித்திருக்கிறார்கள். மேலே மெல்லியதாக, கீழே தடிப்பாக. தண்ணீர் ஓடும் அடிப்பக்கத்தில், குழாயின் வழவழப்பை விட்டு விலகிய அந்தத் தடித்த சீமெந்துக்குக் கீழேதான் கசிவு பின்னால் ஊர்ந்து வந்திருக்கிறது.

காலி வீதியிலேயே ஹாட்வெயார் கடைகள் உண்டு, அவசரத்துக்கு நல்லது. ஆனால் ஒரே பொருளை நாலைந்து வகையில் எடுத்துப் பார்க்க வேண்டுமென்றால் கொழும்பு 12க்குத்தான் போக வேண்டும். 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து பழைய சோனகத் தெருவுக்கு நடந்தேன். அந்தத் தெருவிலும் குவாரி வீதியிலும் குழாயும் பிடிகளும் விற்கும் கடைகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன; கைவண்டிக்கு வழி விட்டு, இரும்புக் கம்பியைத் தாண்டி, ஒரு கடைக்குள் நுழைவதே ஒரு வேலை.

கடை நானா முதலில் கேட்டது விலையைப் பற்றி அல்ல.

“தரைக்குள் இறங்குகிற வகையா, பின்பக்கம் போகிற வகையா?”

“பின்பக்கம், நானா. வாய் 102, குழாய் 110.”

“நடு ஒத்து நிற்கிறதா?”

கடதாசியில் கீறிக்கொண்டு போன படத்தைக் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு மேல்தட்டிலிருந்து நேரானதை எடுத்த கையைத் திரும்ப வைத்தார். 20 மில்லிமீற்றர் விலகல் உள்ள ஒன்றை எடுத்துத் தந்தார். பக்கத்தில் மடிப்பு மடிப்பாக இழுத்து நீட்டக்கூடிய ஒன்றும் தொங்கியது. எந்தக் கோணத்துக்கும் வளையும் என்பதால் பலரும் அதைத்தான் வாங்குகிறார்கள். கேட்டபோது, “வேறு வழியே இல்லையென்றால் எடுங்கள், தம்பி. மடிப்புக்குள் அழுக்கு நிற்கும். கிடையாக வைத்தால் நடுவில் தொய்யும்” என்றார். என் எண்ணமும் அதுவே. அளவு சரியாக எடுத்தால் அந்த நீட்டுக் குழாய்க்குத் தேவையே வராது. அளவெடுக்கச் சோம்பல்பட்டவர்களுக்காகச் செய்யப்பட்ட பொருள் என்றே அதை நினைக்கிறேன்.

கொனெக்டரோடு, குழாயோடு குழாயைச் சேர்க்க 110க்கு ஒரு சொக்கட், அரை மீற்றர் குழாய், சிறு டின் பசை, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகள், நைலோன் செருகிகள், குளியலறைக்கு உரிய பூஞ்சணம் பிடிக்காத சிலிக்கன் ஆகியவற்றையும் வாங்கினேன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு புதிய கொமட் விலையைக் கேட்டவர்களுக்கு, இருக்கிற கொமட்டைப் பத்திரமாகக் கழற்ற வேண்டும் என்ற எண்ணம் தானாக வரும்.

கழற்றும் நாளில் நீர் வெட்டு இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டேன். கழிவு வேலையின் நடுவில் கை கழுவத் தண்ணீர் இல்லாமல் நிற்பதைவிடக் கொடுமை வேறில்லை. மேல் வீட்டில் ஒரே கழிப்பறை என்பதால் கீழ் வீட்டு அக்காவிடம் சொல்லிவைத்தோம். அவர் மறுக்கவில்லை, கூரைக்கு விடிவு வருகிறதே.

சுவர்க் குழாயின் வால்வை மூடி, பிளஷ் செய்து, தாங்கியில் மிஞ்சியதைப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன். கொமட்டுக்குள் வளைவில் நிற்கும் தண்ணீரைக் கோப்பையால் அள்ளி, கடைசி மிச்சத்தைப் பழந்துணியால் உறிஞ்சினேன். சாதாரணமாக அந்த வளைவில் 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் குழாயின் வாயு வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. இணைப்பு விட்டால் அந்தத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வாயு வெளியே வந்துவிடும். எங்கள் நடுப்பகல் நாற்றத்துக்குக் காரணம் அது.

ஒரு எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கழற்றுவதற்கு முன் கொமட்டைச் சுத்தப்படுத்தும் ஆர்வத்தில் அமிலம் கலந்த கழிப்பறைக் கழுவியையும் வெளுப்புத் திரவத்தையும் சேர்த்து ஊற்றாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஏதாவது ஒன்றுதான், அதையும் கழுவி ஊற்றிவிட்டு, சன்னலைத் திறந்து வைத்துத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

பிளஷ் தாங்கியைக் கழற்றித் தனியே வைத்தோம். “வைத்தோம்” என்று சொல்வதற்குக் காரணம் மச்சான். எட்டி நின்று ஆலோசனை சொல்ல வந்தவர், கையுறை போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. கொமட்டைத் தனியாளாகத் தூக்க முயல்வது முதுகுக்கும் பீங்கானுக்கும் நல்லதில்லை. துருத்தின்ற திருகாணிகளைத் திருகிக் கழற்ற வழியில்லை. இரும்பறுக்கும் வாளின் அலகை மட்டும் எடுத்து, துணி சுற்றிப் பிடித்து, கொமட்டின் அடிக்கும் டைலுக்கும் நடுவில் நுழைத்து அறுத்தோம். சீமெந்து வளையத்தைச் சிறிய உளியால் மெல்ல மெல்லத் தட்டினேன். உளியின் முனை எப்போதும் குழாயின் பக்கம் பார்க்க வேண்டும், பீங்கானின் பக்கம் திரும்பவே கூடாது. குழாயின் நுனி எப்படியும் அறுத்தெறியப் போவது. பீங்கானில் ஒரு விரிசல் விழுந்தால் எல்லாம் முடிந்தது. பாதி வளையம் தட்டாமலே முழுத் துண்டாகக் கையோடு வந்தது. அதன் உள்பக்கம், பி.வி.சி.யைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம், கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தது. ஒரு நாளும் ஒட்டியிருக்கவில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. மச்சான் அதைப் படம் பிடித்து அந்த பாஸுக்குக் காட்ட வேண்டும் என்றார்; வேண்டாம் என்று தடுத்தேன். நாளைக்கு டைல் உடைந்தால் அவரைத்தான் கூப்பிட வேண்டும்.

கொமட்டை நகர்த்திய உடனேயே குழாயின் வாயைப் பொலித்தீன் பைக்குள் சுற்றிய பழந்துணியால் அடைத்தோம். துணியில் ஒரு கயிற்றைக் கட்டி வெளியே விட்டிருந்தோம், உள்ளே போய்விட்டால் இழுத்தெடுக்க. வாயுவும் வராது, கரப்பானும் வராது.

நெருப்பில் விரித்த நுனியை அறுத்தபோது சுவருக்கு வெளியே இரண்டு விரல்கிடைக் குழாயே மிஞ்சியது. இதழ்கள் முழுவதும் நுழைய அது போதாது. ஆகவே குழாயைச் சுற்றிச் சுவரின் சாந்தை ஒரு விரல் ஆழத்துக்குக் கொத்தி, சொக்கட் ஏற இடம் செய்தேன். வெட்டு நேராக வருவதற்கு ஓர் எளிய வழி: ஒரு முழுக் கடதாசித் தாளைக் குழாயில் சுற்றி, விளிம்போடு விளிம்பு பொருந்தவைத்தால், அந்த விளிம்புதான் நேர்கோடு. அறுத்த பிறகு உள்ளும் புறமும் பிசிரைக் கத்தியால் சீவ வேண்டும். உள்ளே பிசிர் இருந்தால் கடதாசியும் முடியும் அதில்தான் மாட்டும். வெளியே இருந்தால் இறப்பர் கிழியும்.

சொக்கட்டைப் பசை இல்லாமல் பொருத்தி, நீர்மட்டம் வைத்துப் பார்த்தோம். கழிவுக் குழாய்க்கு 40க்கு 1 என்ற சரிவு நல்லது, அதாவது மீற்றருக்கு 25 மில்லிமீற்றர். எங்களுடையது சிறு துண்டு என்பதால் நுனி ஏழெட்டு மில்லிமீற்றர் உயர்ந்திருந்தால் போதும். பிறகு இரண்டு பரப்பையும் துடைத்து, மெல்லிய உரசலிட்டு, பசை தடவி, தள்ளும்போதே கால் வட்டம் திருப்பி, அரை நிமிடம் அசையாமல் பிடித்துக்கொண்டேன். விட்டால் குழாய் தானாகப் பின்வாங்கும். சுவரின் கொத்திய இடத்தைப் பூசும்போது குழாயைச் சுற்றி மெல்லிய பஞ்சுப் பட்டை ஒன்றைச் சுற்றிவிட்டுத்தான் சாந்து வைத்தேன். வெயிலில் நீள வேண்டியது நீளட்டும்.

தரையில் பழைய சீமெந்துப் படுக்கையைச் சுரண்டி எடுத்தோம். கொமட்டைச் சாந்தில் குந்தவைக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம் என்பது என் கருத்து: அடுத்த முறை கழற்றும்போது அது உடைந்துதான் வரும், பீங்கானுக்கு அடியில் விசை ஓரிடத்தில் குவியவும் கூடும். டைலில் துளை போடும்போது சுத்தியல் இயக்கத்தை நிறுத்திவிட்டு, டைலுக்கு உரிய அலகால், தண்ணீர் தெளித்து, மெதுவாக. ஆழம் செருகியின் நீளத்துக்கு மேல் போகக் கூடாது. கீழே நீர்காப்புப் பூச்சு இருந்தால் அதைத் துளைத்துவிடுவோம். எதற்கும் துளைக்குள் சிலிக்கனை நிரப்பிவிட்டுச் செருகியை அடித்தேன்.

பூட்டுவது கழற்றுவதில் பாதி நேரம்கூட எடுக்கவில்லை. கொனெக்டரை முதலில் கொமட்டின் வாயில் முழுவதும் ஏற்றினேன், விலகல் கீழ்நோக்கி இருக்கும்படி. இதழ்களில் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவினேன். எண்ணெயோ கிறீஸோ வேண்டாம், இறப்பரைக் காலப்போக்கில் ஊதவைத்துவிடும். மச்சான் ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகக் கொமட்டைத் தூக்கி, நேராகச் சுவரை நோக்கித் தள்ளினோம். இதழ்கள் ஒவ்வொன்றாக உள்ளே போவது கைக்குத் தெரியும். பக்கவாட்டில் ஆட்டி நுழைக்க முயன்றால் ஓர் இதழ் மடிந்துவிடும்; அது மடிந்தது வெளியே தெரியாது. திருகாணிகளைப் பிளாஸ்டிக் வளையத்தோடு, மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். பீங்கான் முனகத் தொடங்குவதற்கு முன் நிறுத்த வேண்டும். ஒரு மூலையில் இன்னும் சிறு ஆட்டம் இருந்தது. மெல்லிய பிளாஸ்டிக் ஆப்பு ஒன்றை அடியில் செருகியதும் அடங்கியது.

சோதனைக்கு மீண்டும் சிவப்புத் தண்ணீர். முதலில் வாளியால் மெதுவாக ஊற்றி, பிறகு ஒரே வீச்சில் கொட்டி, கடைசியில் தாங்கியைப் பூட்டிப் பல தடவை பிளஷ் செய்து, ஒவ்வொரு முறையும் வெள்ளைத் தாளால் ஒற்றினேன். மச்சானை உட்காரச் சொல்லி, இடமும் வலமும் சாய்ந்து அசையச் சொல்லியும் பார்த்தேன். வெற்றுக் கொமட்டில் வராத கசிவு, பாரம் ஏறியதும் வரலாம். தாள் காய்ந்தே வந்தது.

இரண்டு நாள் அப்படியே பாவித்துப் பார்த்த பிறகுதான் அடிப்பக்கத்துக்குச் சிலிக்கன் போட்டேன். அதையும் முன்னாலும் இரண்டு பக்கமும் மட்டும் போட்டேன்; பின்பக்கம் ஒரு கை அகலத்துக்குத் திறந்தே விட்டிருக்கிறேன். சுற்றி வர அடைத்துவிடுவது அழகுதான். ஆனால் எப்போதாவது மறுபடி கசிந்தால் தண்ணீர் வெளியே வந்து முகத்தைக் காட்ட ஒரு வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் அது டைலுக்கு அடியில் போய்க் கீழ் வீட்டுக் கூரையில்தான் முகத்தைக் காட்டும்.

பென்சில் கோட்டைக் கறை தாண்டவில்லை. ஆனாலும் தட்டுக்குள் ஊறிய ஈரம் முழுதாக வெளியேற வாரக்கணக்காகும். அக்கா உடனே வர்ணம் பூசிவிடலாமா என்று கேட்டார். சுரண்டி, காற்றோட விட்டு, கையை வைத்தால் குளிர் தெரியாத வரை காத்திருக்கச் சொன்னேன். ஈரத்தின் மேல் பூசினால் அடுத்த மாதமே உரிந்துவிடும். விளக்குப் பொருத்தியை மின்வேலை தெரிந்தவர் திறந்து பார்த்து, துருவேறிய முனைகளை மாற்றிய பிறகே ஆளியை மேலே தூக்கினோம்.

கீழ் வீட்டுக் கொமட்டும் அதே கையால் பொருத்தப்பட்டதுதான். அதே வெள்ளைச் சீமெந்து, அதே வழவழப்பு. போன கையோடு அதையும் சிவப்புத் தண்ணீரால் சோதித்தேன். தாள் காய்ந்தே வந்தது, கொமட்டும் ஆடவில்லை. மச்சான் உளியைத் தூக்கிவிட்டார். நான் திருகாணிகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றி, எஃகுத் திருகாணியாக மாற்றிவிட்டு வந்துவிட்டேன்.